ஆறுமுகத்தாயின் நிறம்

தன் படத்தின் முன்னால் ஆறுமுகத்தாய் நிற்கவே இல்லை. யாரோ ஒரு பெண் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டாள்.

அவளுடைய மகள் மாரித்தாய் வாசலில் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தபோது, அம்மா கூடத்தின் மறுகோடியில் நின்று சுவர் சுவராகத் தேடிக்கொண்டிருந்தாள்.

“எம் படத்த எங்கட்டி மாட்டிருக்கு? காங்கலயே.”

“மூணாவது படம்மா. அதத் தாண்டித்தான வந்திருக்கே.”

“அது யாரோ பண்ணையாரு வீட்டுப் பொம்பளல்லா.”

மாரித்தாய் திரும்பிப் பார்த்தாள். சேலை அவள் தீட்டிய சேலைதான். கையில் இருந்த நாற்றுமுடியும், முழங்கால் வரை அப்பிய சேறும், பாம்படம் கழற்றிய பிறகு தொங்கிப்போன காதும் அவள் தீட்டியவைதான். முகம் மட்டும் வேறு யாருடையதோ. கோதுமை மாவில் மஞ்சளைக் குழைத்தது போல ஒரு நிறம் நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. கன்னத்தில் ரோஜா நிறத்தில் இரண்டு பூச்சு. மூக்கின் இரு பக்கமும் கோடு இழுத்து அதைக் கூராக்கியிருந்தார்கள். கைகளும் முழங்கை வரை வெளுத்திருந்தன. கால்களுக்கு வரும்போது சாயம் தீர்ந்துவிட்டதோ, பொழுது போய்விட்டதோ தெரியவில்லை, அவை இரண்டும் பழைய கறுப்பிலேயே நின்றன.

அது 1956, தை மாதம். தெற்கு ரத வீதியில் இருந்த வாசகசாலையில் மூன்று நாள் சித்திரக் கண்காட்சி. ‘வளரும் ஹரிஜன ஓவியர்களை ஆதரிப்பீர்’ என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் மாரித்தாயின் ஆட்கள் அந்த வாசகசாலைப் படியில் கால் வைக்க முடியாது. மாரித்தாயின் அப்பா பேப்பர்ச் சேதி கேட்பதற்காகத் தெருவில் நிற்பார். உள்ளே யாராவது உரக்கப் படித்தால் காதில் விழும். இப்போது படியேறலாம். சட்டம் வந்துவிட்டது. செக்ரட்டரி ஆவுடையப்ப பிள்ளையே வீடு தேடி ஆள் அனுப்பி, “படங்கள் கொண்டுவரச் சொல்” என்று கேட்டிருந்தார்.

படம் வைத்தவர்கள் மூன்று பேர். மாரித்தாய்க்கு இருபத்துநாலு வயது. வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இசக்கிப்பாண்டிக்கு நாற்பது இருக்கும். சண்டையின்போது பட்டாளத்தில் சேர்ந்து பர்மா வரை போனவன். அங்கே லாரிகளுக்கு நம்பர் எழுதிப் பழகிய கை, திரும்பி வந்ததும் படம் போட ஆரம்பித்தது. மூன்றாவது ஆள் ராயகிரித் தங்கப்பழம், பத்தொன்பது வயது. மாடுகள் வரைவதில் அவனுக்கு ஈடு கிடையாது. மெட்ராஸிலிருந்து ஒரு சித்திர சங்கத்தின் தலைவர் திறந்துவைக்க வருகிறார் என்றும், மூவரில் ஒருவரைச் சங்கமே அழைத்துப் போய் மூன்று வருஷம் சோறும் இடமும் கொடுத்துப் படிக்கவைக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

மாரித்தாய் அம்மாவின் நிறத்துக்காக நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்திருந்தாள். விளக்குக்கரியை மட்டும் குழைத்தால் செத்த நிறமாக இருந்தது. அவுரி நீலம் சேர்த்தாள். இரும்பு போல ஆகிவிட்டது. பிறகு கொஞ்சம் செங்காவி, கொஞ்சம் வேப்பம்பிசின். நடவு வயலில் வெயில் சாயும்போது அம்மாவின் தோளில் ஓடும் ஒரு சிவந்த மினுக்கம் நான்காவது வாரம்தான் கைக்கு வந்தது. வந்த அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அம்மா திரும்ப வந்து படத்தின் முன்னால் நின்றாள். சேலையையும் நாற்றுமுடியையும் காதையும் பார்த்துப் பார்த்து, மெதுவாகப் புரிந்துகொண்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இம்புட்டுச் செவப்பாவா போட்டிருக்கே என்னைய. நல்லாத்தாம்ட்டி இருக்கு. ஒங்கப்பன் இருந்து பாத்திருக்கணும்.”

“நான் போடலம்மா.”

“பின்ன யாரு போட்டா?”

அம்மா இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தாள். மாரித்தாய்க்கு வந்த கோபத்தில் முதல் பங்கு அம்மாவின்மேல்தான் போனது. அதற்காகத் தன்மேலேயே இன்னொரு கோபம் வந்தது. விரல் நுனியை எச்சிலில் நனைத்துப் படத்தின் கழுத்தோரத்தில் தேய்த்துப் பார்த்தாள். மேல் சாயம் கரைந்து வந்தது. அதோடு சேர்ந்து அடியில் இருந்த கறுப்பும் வந்தது. பிசினில் குழைத்த சாயம், ஒன்றை விட்டு ஒன்று பிரியாது. விரலில் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு ஒட்டிக்கொண்டிருந்தது.

எதிர்ச் சுவரில் இசக்கிப்பாண்டி தன் படத்தின் முன்னால் அசையாமல் நின்றான். குளத்தில் கரம்பை மண் அள்ளும் பன்னிரண்டு ஆட்களை அவன் வரைந்திருந்தான். பன்னிரண்டு பேருக்கும் முகம் வெளுத்திருந்தது.

“பன்னெண்டு பேரும் கல்யாண மாப்பிள கணக்கா நிக்கானுவ,” என்றான் இசக்கிப்பாண்டி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “இந்த மூணாவது ஆளு எந் தம்பி. செத்து ஆறு வருசமாச்சு டீச்சர். போட்டோ ஒண்ணும் கெடையாது. அவன் மொகம் இதுல மட்டுந்தான் இருந்துது.”

செக்ரட்டரி பின்கட்டில் ரோஜாமாலையைத் தண்ணீர் தெளித்து வைத்துக்கொண்டிருந்தார். இருவரும் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

“படத்தத் தொட்டது யாரு?” என்று மாரித்தாய் கேட்டாள்.

“ஏன், நல்லா இல்லையா? நாந்தான் செய்யச் சொன்னேன்.” அவர் மாலையைக் கீழே வைக்கவில்லை. “மெட்ராஸ்ல இருந்து வாறவரு. கண்ணுக்கு எதமா இருக்காண்டாமா? வெள்ளச் சுவத்துல கரியக் கரியா மாட்டினா கறை படிஞ்ச மாதிரில்லா இருக்கும். ஒங்க நல்லதுக்குத்தாம்மா சொல்லுதேன்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?”

“கேக்கணுமா? ஆணி அடிச்சது நான், சுண்ணாம்பு அடிச்சது நான், கூடம் எங்க கூடம். படம் மட்டும் ஒனக்கோ?”

“அது எங்க அம்மா மொகம்.”

“அதத்தான் நல்லாக்கி வச்சிருக்கோம். போ, போயி அங்கன நில்லு. அவரு வாற நேரம்.”

கூடத்துக்குத் திரும்பியபோது தங்கப்பழம் தூணோடு ஒட்டி நின்றான். அவன் படங்கள் ஐந்தில் காளைகளை யாரும் தொடவில்லை. ஏர் பிடித்த உழவனின் முகத்தை மட்டும் வெளுத்திருந்தார்கள்.

“நேத்து சாயங்காலம் நான் இங்கனதான் இருந்தேன் டீச்சர்,” என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. “போர்டு எழுதுத நஜ்முதீன் பாய் பெயிண்டு கோட்டடிக்கும்போது பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“மூணு வருசம் சோறு போட்டுப் படிக்க வைக்கானுவ. இன்னைக்கு மொகம் போனாப் போவுது, நாளைக்குத் திரும்ப வரஞ்சுக்கிடலாம்னு இருந்துட்டேன்.”

இசக்கிப்பாண்டி அவனை நோக்கி ஓர் எட்டு வைத்தான். “திரும்ப எங்க இருந்துல வரைய? சொல்லு. எங்க இருந்து வரைய?”

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

சித்திர சங்கத் தலைவர் பருமனான மனிதர், ஜிப்பாவும் அங்கவஸ்திரமும். மாலையைப் போட்ட கையோடு கழற்றிக் கொடுத்துவிட்டு, நின்றபடியே கொஞ்சம் பேசினார். கலைக்குச் சாதி இல்லை என்றார். கைப்பிடித்து மேலே தூக்கிவிடுவது பெரியவர்கள் கடமை என்றார். ஊர்ப் பெரிய மனிதர்கள் நாற்பது பேர் இருப்பார்கள், கைதட்டினார்கள். பிறகு செக்ரட்டரி அவரைப் படம் படமாக அழைத்துவந்தார். மூன்றாவது படத்தில் நின்று, “இது நம்ம டீச்சரம்மா வரைஞ்சது. அவ அம்மாவேதான். இந்தா, ஆளே வந்திருக்கு,” என்று ஆறுமுகத்தாயைக் கைகாட்டினார். ஆறுமுகத்தாய் கூச்சத்தோடு முன்னால் வந்து கும்பிட்டாள்.

அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“இந்த அம்மாவா அது? மகள் நன்றாகச் சலவைக்குப் போட்டு எடுத்திருக்கிறாளே.”

கூடம் முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. பெரிய மனிதர் சொன்ன வேடிக்கைக்கு மற்றவர்கள் சிரிக்கும் சிரிப்புதான். ஆறுமுகத்தாயும் முதலில் சேர்ந்து சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது. கும்பிட்ட கைகளைப் பிரித்து, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

மாரித்தாய் பார்த்தது அதைத்தான். அம்மா வெயிலுக்குக்கூட மறைக்காத கைகள் அவை. யாருக்காகவும் மறைக்காத கைகள். மாரித்தாய் இரண்டு எட்டில் சுவரண்டை போய்ப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள்.

“சலவைக்குப் போட்டது நான் இல்ல,” என்றாள். “நஜ்முதீன் பாய், கொஞ்சம் இங்கன வாங்க.”

நஜ்முதீன் ஊரில் கடைப்பலகைகளும் டெண்ட் கொட்டகை விளம்பரங்களும் எழுதுகிறவர். ஏணியோடு வாசலோரம் நின்றிருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்க்க, ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

“இந்த மொகத்துல கோட்டடிச்சது யாரு பாய்?”

அவர் செக்ரட்டரியை ஒருமுறை பார்த்தார். பிறகு மாரித்தாய் கையிலிருந்த படத்தைப் பார்த்தார்.

“நாந்தாம் அடிச்சேன்.”

“யாரு சொல்லி?”

“செக்ரட்டரி ஐயா சொல்லி. வெள்ளையும் மஞ்சளும் அவுகளே வாங்கித் தந்தாக. படம் போட்டவுக சம்மதம்னு சொன்னாக டீச்சர். இல்லன்னா அல்லா அறிய நான் பிரஷ்ஷக் கையில எடுத்திருக்க மாட்டேன்.”

“ஏய், வாய மூடும் வே,” என்றார் செக்ரட்டரி. அன்று அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

“எங்க அம்மா கறுப்பு,” என்று மாரித்தாய் மெட்ராஸ்காரரைப் பார்த்துச் சொன்னாள். “அந்தக் கறுப்ப நான் நாலு வாரம் அரைச்சுக் கொண்டாந்தேன். எங்கள ஆதரிக்கோம்னு துணி கட்டிருக்காக. எங்க மொகத்த அழிச்சுட்டு யார ஆதரிக்கியோ?”

“கோபப்படாதே அம்மா,” என்றார் அவர். சங்கடம் முகத்தில் தெரிந்தது. “கலைஞர்களுக்குப் பொறுமை வேண்டும்.”

“எங்க அப்பா இந்த வாசல்ல பொறுமையாத்தாம் நின்னாரு. சாவுற வரைக்கும் நின்னாரு.”

இசக்கிப்பாண்டி அதற்குள் தன் படங்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தான். மாரித்தாய் தன் மற்ற மூன்று படங்களையும் கழற்றினாள். செக்ரட்டரி வாலண்டியர்களைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒருவன் முன்னால் வந்தான். இசக்கிப்பாண்டி அவனைப் பார்த்த பார்வையில் அவன் நின்றுவிட்டான். பதினாலு படங்களில் ஒன்பது இறங்கின. மிச்சம் ஐந்து தங்கப்பழத்தினுடையவை.

“எடுல,” என்றாள் மாரித்தாய்.

அவன் கை தூணை விட்டு வரவில்லை. அவள் இன்னொரு முறை சொல்லவில்லை.

தெருவில் அம்மா எல்லோருக்கும் முன்னால் வேகமாக நடந்தாள். கைகள் இன்னும் முந்தானைக்குள்தான் இருந்தன. நஜ்முதீன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

“டீச்சர், சந்தைக்குப் பக்கத்துல எங் கொட்டாய் இருக்கு. தகரச் செவருதான். அதுல மாட்டுங்க. நாளைக்குச் சந்தை.”

“ஒமக்கு இனிமே யாரு போர்டு எழுதத் தருவா?” என்று இசக்கிப்பாண்டி கேட்டான்.

“தந்தா எழுதுவேன். தராட்டா போறாக. அடிச்சது எங் கையில்லா. சும்மா இருந்தா எனக்குத் தூக்கம் வருமா.”

மறுநாள் சந்தையில் அந்த ஒன்பது படங்களும் தகரச் சுவரில் தொங்கின. இருந்தபடியே தொங்கின; வெளுத்த முகமும் கறுத்த காலுமாக. இசக்கிப்பாண்டி ஒரு பலகையில், ‘படம் எங்களுடையது. முகம் எங்களுடையது அல்ல’ என்று பெரிய எழுத்தில் எழுதிச் சாத்தினான். மேலநீலிதநல்லூரிலிருந்து வத்தல் கொண்டுவந்த பெண்கள் ஓலைக் கடகத்தை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

“மொகம் ஒரு நெறம், காலு ஒரு நெறமா இருக்கே. என்னத்துக்கு இப்பிடி?” என்று ஒருத்தி கேட்டாள்.

இசக்கிப்பாண்டி நடந்ததைச் சொன்னான். அடுத்து வந்தவர்களுக்கும் சொன்னான். மதியத்துக்குள் இருபது தடவையாவது சொல்லியிருப்பான். ஒவ்வொரு தடவையும் கோபம் ஏறியதே தவிர ஆறவில்லை. தொண்டை கட்டிப்போயிற்று. கேட்டவர்களில் சிலர் செக்ரட்டரியை வைதார்கள். ஒரு ஆட்டுக் கிடைக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, “நீங்க எந்தத் தெரு ஆளுக?” என்றார். சொன்னதும் ஆட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு கிழவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அந்தக் காலு நெசமான காலு,” என்று மட்டும் சொன்னார்.

தன் ஊர்க்காரர்கள் யார் வந்தாலும் இசக்கிப்பாண்டி கையைப் பிடித்து நிறுத்தினான். “எந் தம்பி மூக்கு எப்பிடி வே இருக்கும்? சரியாச் சொல்லும்.” ஒருவன் சப்பை மூக்கு என்றான். ஒருவன் இல்லை, அது அவன் மாமனுக்கு என்றான். இடது புருவத்தில் ஒரு வெட்டு உண்டு என்றான் மூன்றாமவன். வலது என்றான் நாலாமவன். இசக்கிப்பாண்டி கரித்துண்டை எடுத்துத் தகரத்தில் வரைந்து வரைந்து உள்ளங்கையால் அழித்தான். சாயங்காலம் கரித்துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூட மேனேஜர் மாரித்தாயைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கும் செக்ரட்டரிக்கும் நல்ல பழக்கம். பெரிய மனிதர்கள் கூடிய இடத்தில் மரியாதைக் குறைவாக நடந்ததற்கு மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். மாரித்தாய் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். என்ன நிறம் குழைத்தாள், யார் அதை அழித்தார்கள், யார் என்ன சொன்னார்கள், எத்தனை பேர் சிரித்தார்கள் என்று மூன்று பக்கம். மன்னிப்பு என்ற சொல் ஓரிடத்தில் வந்தது: அதை அவர்கள்தான் கேட்க வேண்டும் என்று. மேனேஜர் படித்துவிட்டு, அடுத்த ஜூனிலிருந்து வரவேண்டாம் என்றார்.

வீட்டில் அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். கண்காட்சிக்குப் போய்வந்ததிலிருந்தே அவள் சரியாகப் பேசவில்லை. தன்மேல் கோபமாக இருக்கிறாள், ஊர்முன்னால் நிறுத்தி அவமானப்படுத்திவிட்டாள் மகள் என்று நினைக்கிறாள் என்றுதான் மாரித்தாய் எண்ணியிருந்தாள். அன்று அம்மிக்கு முன்னால் குந்தியிருந்தவள் அரைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“நானும் சிரிச்சேம்லாட்டி.”

“என்னம்மா?”

“அந்தப் படத்தப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னேம்லா. அந்தத் தடியன் சொன்னதுக்கும் கூடச் சேந்து சிரிச்சேன். மத்தவன் செஞ்சதெல்லாம் கெடக்கட்டும். நான் எதுக்குட்டி சிரிச்சேன்? அதான் எனக்கு ஆற மாட்டேங்கு.” அவள் குழவியை மறுபடியும் இழுத்தாள், மிளகாய் அரைபடும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். “வேலைய விட்டுத் தூக்கினா தூக்கட்டும். நாத்து நட்டு ஒன்னைய வளத்த கை இங்கனதான் இருக்கு.”

மாரித்தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மாவின் கை முழங்கை வரை மிளகாய் விழுதோடு இருந்தது.

பங்குனியில் தங்கப்பழத்துக்கு மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் அவன் வந்து வாசலில் நின்றான். கையில் புது டிரங்குப் பெட்டியின் சாவி.

“நானும் எடுத்திருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும் டீச்சர்? யாருமே போயிருக்க மாட்டோம்.”

“ஆமா. யாரும் போயிருக்க மாட்டோம்.”

“அப்பம் என்னைய எதுக்கு இப்பிடிப் பாக்கிய?”

“போவாண்டாம்னு நான் சொன்னேனா? போ. நல்லாப் படி. ஆனா நான் இன்னைக்கு ஒன்னைய வாழ்த்தணும்னு எதிர்பாத்து நீ வந்திருந்தா, அது எங்கிட்ட இல்ல. பொய்யாச் சொல்ல எனக்கு வராது.”

அம்மா உள்ளேயிருந்து வந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை அவன் கையில் வைத்தாள். அவன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ராஜபாளையம் ரோட்டைப் பார்த்து நடந்தான். மாரித்தாய் அவனை மன்னித்தாளா என்று பின்னாளில் சிலர் கேட்டார்கள். இல்லை என்றுதான் அவள் சொன்னாள்.

ஜூனில் மேலநீலிதநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஜில்லா போர்டு ஸ்கூலில் அவளுக்கு இடம் கிடைத்தது. அந்த வருஷமே அம்மாவைத் திரும்ப வரைந்தாள், நஜ்முதீனின் கொட்டகையில் வைத்து, சந்தைக் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க. மாதம் ஒரு சந்தை நாளில் அந்தத் தகரச் சுவரில் படம் மாட்டுவது வழக்கமாயிற்று. வேறு ஊர்களிலிருந்தும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தார்கள்.

இசக்கிப்பாண்டி தன் குளத்துப் படத்தில் பதினோரு முகங்களையும் பழையபடி தீட்டி முடித்தான். மூன்றாவது ஆளின் முகத்தை மட்டும் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் அட்டையாக விட்டுவைத்தான். சந்தைக்கு வருகிறவர்கள் விரலால் அந்த இடத்தைத் தொட்டு, இது யார் என்று கேட்பார்கள். அவன் தம்பியின் பெயரைச் சொல்வதில்லை. அந்த முகத்தை அழிக்கச் சொன்ன செக்ரட்டரியின் பெயரைச் சொல்வான். தகப்பன் பேரோடும், தெருப் பேரோடும்.